பாப்பாயி கேட்ட தொய்யக்கீரை

பொன்னாயிக்கு நிமிர்ந்து நடக்க வராது. கூன் எல்லாம் இல்லை. கண் தரையை விட்டு ஏறாது, அவ்வளவுதான். பனமரத்துப்பட்டிக்குப் புதிதாக வந்தவர்கள், "எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்பதுண்டு. வரப்பில் தும்பையைப் பார்த்தால் யார் வீட்டுப் பிள்ளைக்குச் சளி என்று யோசிப்பாள். குப்பைமேனியைப் பார்த்தால் யாருக்குச் சொறி என்று யோசிப்பாள். கேட்காமலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திட்டும் வாங்கியிருக்கிறாள்.

முப்பது வருடம் களை வெட்டியவள். அப்போதெல்லாம் களை வெட்டப் போகிறவளுக்குக் கூலி போக, கீரையும் உண்டு. பயிருக்குள் தானாக முளைத்த கீரை பறிப்பவளுக்குச் சொந்தம். எந்தக் காட்டுக்காரரும் அதில் பங்கு கேட்டதில்லை. பொன்னாயியும் அவள் கூட்டாளி பாப்பாயியும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே களைக்கொத்து ஒரு கையும் கீரை ஒரு கையுமாக நகர்வார்கள். சாயங்காலம் இரண்டு மடியையும் ஒன்றாகக் கொட்டி, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமிட்டிக்கீரை எல்லாவற்றையும் கலந்து பாதிப் பாதி பிரித்துக்கொள்வார்கள்.

களைக்கு மருந்து அடிக்கும் காலம் வந்தது. மருந்து அடித்த கீரை மறுநாளும் பச்சைப்பசேல் என்றுதான் நிற்கும், வம்பே அதுதான். ஒரு தடவை பொன்னாயி தெரியாமல் பறித்து வந்து வேகவைத்தும்விட்டாள். விஷயம் தெரிந்து பாப்பாயி ஓடிவந்து சட்டியோடு குப்பைக்குழியில் கவிழ்த்தாள். அன்றிலிருந்து, எந்தக் காட்டுக் கீரை என்று கேட்காமல் ஒருத்தி வீட்டுக் கீரையை இன்னொருத்தி வாயில் வைப்பதில்லை. பதிலில் பொய் கூடாது.

போன வருடம் கால் விழுந்துபோன பாப்பாயியை மகள் சுகன்யா சேலத்துக்கு அழைத்துக்கொண்டாள். இந்தக் கார்த்திகையில் காய்ச்சல் வந்து கிடந்தவள், காய்ச்சல் விட்ட பிறகும் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள்.

"பெரிம்மா, பத்து நாளா எளநித் தண்ணிதானுங்க. உடம்பு துரும்பாப் போச்சு. தொய்யக்கீரை கடைஞ்சு குடுத்தா ரெண்டு வாய் திங்கறேங்குது" என்று சுகன்யா போனில் அழுதாள்.

"நாளைக்கு வாரேன் சாமி, அழுவாத" என்றாள் பொன்னாயி.

விடிந்ததும் கிளம்பினாள். சோளக்காட்டில் கீரை மருந்து பட்டு இலை ஓரமெல்லாம் மஞ்சளடித்துக் கிடந்தது. குச்சிக்கிழங்குக் காட்டில் கீரை தளதளவென்று நின்றது. கையை வைக்கும்போது காட்டுக்காரர் ஆனந்தகுமார் சத்தம் போட்டார்.

"தொடாதீங்க! நேத்துதான் மருந்து அடிச்சிருக்குதுங்க."

"அடிக்காத எடம் எங்கதாங்க இருக்குது?"

"சுடுகாட்டுலதாங்க அடிக்கல" என்று சிரித்தார் அவர்.

பொன்னாயி சிரிக்கவில்லை. நேராக அங்கேதான் போனாள். பெய்த மழைக்குச் சுடுகாடு முழுக்கத் தொய்யக்கீரை முழங்கால் உயரம் நின்றது. ஊரில் ஒருவரும் அங்கே ஒரு இலை கிள்ள மாட்டார்கள். அவள் வீட்டுக்காரர் சின்னண்ணனும் ஆறு வருடமாக அங்கேதான் கிடக்கிறார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"ஏனுங்க, பாப்பாயிக்குத்தான். கோவிச்சுக்காதீங்க" என்று அவர் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு, மடி நிறையப் பறித்தாள்.

சேலம் பஸ்ஸில் வழியெல்லாம் ஒரே பாடம். கேட்டால் ஏரிக்கரைக் கீரை என்று சொல்லிவிடவேண்டும். சாகக் கிடக்கிறவளிடம் சுடுகாட்டுக் கீரை என்று யாராவது சொல்வார்களா? ஏரிக்கரை, ஏரிக்கரை என்று பையைத் தடவியபடியே வந்தாள்.

சுகன்யா மிக்ஸியை எடுத்தாள். பொன்னாயி முறைத்த முறைப்பில் அது அலமாரிக்கே திரும்பிப் போனது. சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய் போட்டு வேகவைத்து, மத்தால் கடைந்து, ராகிக்களியோடு தட்டில் கொண்டுபோனாள். கட்டிலில் பாப்பாயி ஒரு பிள்ளை அளவுக்குத்தான் இருந்தாள். வாசனைக்குக் கண்ணைத் திறந்தாள். பொன்னாயி ஒரு வாய் உருட்டி நீட்டினாள்.

பாப்பாயி வாயைத் திறக்கவில்லை.

"எந்தக் காட்டுக் கீரை புள்ள?"

பஸ்ஸில் படித்த பாடம் வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"சுடுகாட்டுது" என்றாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "வேற எங்கயும் கெடைக்கல புள்ள."

"ஐயையோ பெரிம்மா!" என்று சுகன்யா தட்டைப் பிடுங்க வந்தாள்.

பாப்பாயி கையைத் தூக்கி மகளைத் தடுத்தாள். பொன்னாயி பக்கம் திரும்பினாள்.

"மருந்து அடிக்கலயே?"

"இல்ல."

"அப்பறம் என்ன? அங்க கெடக்கறது பூராவும் நம்மகூடக் களை வெட்டுனவங்கதான. ஊட்டு."