பெட்ரோல் மூடியில் எறும்பு

கேரள எல்லையில் எங்கள் கோவிந்தாபுரத்துப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டேங்க் வறண்டுபோகும்வரை ஓட்டிவிட்டு, செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்த்தான் பெட்ரோல் போடுவோம். அங்கே விலை குறைவு என்பது ஒரு காரணம். இந்தப் பக்கம் போட்டால் அடுத்த தோட்டத்துக்காரர் நம்மை ஏமாளி மாதிரி பார்ப்பார் என்பது அதைவிடப் பெரிய காரணம். அதனால் என் பழைய காரில் பெட்ரோல் முள் எப்போதும் கீழேயே படுத்துக் கிடக்கும்.

என் மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட் நடந்த அன்றைக்கும் அப்படித்தான் கிடந்தது. காலை எட்டரைக்குப் பாலக்காட்டுச் சித்தூர் மைதானத்தில் நிற்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை டிரைவிங் ஸ்கூல் காரில் போய்க் கம்பத்தை இடித்துத் தோற்றவள் அவள். அந்த கிளட்ச் தன் காலுக்கு ஒத்துவரவில்லை, இந்தத் தடவை நம்முடைய காரில்தான் ஓட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

இந்த வயதில் உனக்கு எதற்கு லைசென்ஸ் என்று நான் கேட்காத நாளில்லை. அவள் பிறந்தது மறையூர். அவளுடைய அண்ணன் அங்கே கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் ஆலை வைத்திருக்கிறார். அண்ணனைப் பார்க்க வேண்டுமென்றால் என் வேலை ஒழிய வேண்டும், என் மனசும் இறங்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் அப்படிக் காத்திருந்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "எங்கண்ணன் ஊட்டுக்கு இனி நானே ஓட்டீட்டுப் போயிக்கறனுங்க." லைசென்ஸ் அதற்குத்தான்.

ஏழு மணிக்கு பங்க்கில் நின்றோம். சீட்டுக்குக் கீழே உள்ள லீவரை இழுத்தேன். டக்கென்று சத்தம் வந்தது, மூடி வரவில்லை. மறுபடி இழுத்தேன். பங்க்காரர் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தார், உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். பின்னால் ஒரு தேங்காய் லாரி ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நேற்றே போட்டிருக்கக் கூடாதா என்று அவளைத்தான் கடிந்துகொண்டேன், ஏதோ அவள்தான் காரை ஓட்டுகிற மாதிரி.

பக்கத்திலிருந்த பஞ்சர் கடை ஓரமாகக் காரைத் தள்ளி நிறுத்தினோம். நான் லீவரை இழுக்க, கடைக்காரர் மூடியை அழுத்தி அழுத்தி விட்டார். அசையவில்லை. இருக்கிற பெட்ரோலில் சித்தூர் போய்விடலாம் என்றேன். நடு மைதானத்தில் வண்டி நின்றால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். அதுவும் சரிதான். ஸ்குரூ டிரைவரால் நெம்பிவிடலாம், ஆனால் பெயிண்ட் போகும், மூடியும் வளையும் என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார். போனால் போகிறது, நெம்புங்கள் என்று கத்தினேன்.

அப்போதுதான் அவள் குனிந்து பார்த்தாள். மூடியின் இடுக்கிலிருந்து சித்தெறும்புகள் வருவதும் போவதுமாக இருந்தன. கீழ் விளிம்பில் பழுப்பாக ஏதோ இறுகியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்து, பஞ்சர் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"வெல்லமுங்க" என்றாள்.

மூன்று வாரத்துக்கு முன்பு, டெஸ்ட் தேதியைச் சொல்லிவிட்டு வரலாம் என்று மறையூர் போயிருந்தோம். மச்சான் ஒரு தகர டின் நிறைய வெல்லப்பாகு கொடுத்துவிட்டார். காலடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னாள். கார் பாழாகிவிடும் என்று நான்தான் பிடுங்கிக் காரின் மேல் கேரியரில் கட்டினேன். டின் மூடியைத் திருகியதும் நான்தான். சின்னாறு மலைப்பாதை வளைவுகளில் டின் சாய்ந்து, பாகு மேலேயிருந்து பக்கவாட்டில் வழிந்திருக்கிறது. இராத்திரி வீடு வந்து சேர்ந்ததும் பார்த்தேன். அவள் கதவைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில் ஈரத்துணியால் வெளியே தெரிந்ததை எல்லாம் துடைத்துவிட்டேன். போகும்போது நிறைத்த பெட்ரோலே இன்றுவரை ஓடியதால், டேங்க் மூடியை அதற்கப்புறம் திறக்கவே இல்லை. டின் ஏன் பாதிதான் இருக்கிறது என்று அவள் கேட்டபோது, உங்கள் அண்ணன் ஊற்றியதே அவ்வளவுதான் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அவள் நம்பினாள். போனைப் போட்டு அண்ணனிடம் கேட்டாள். டின்னின் கழுத்துவரை ஊற்றினேன் என்று அவர் சொல்ல, நீ பொய் சொல்கிறாய் என்று இவள் சொல்ல, பேச்சு தடித்துப் போய்விட்டது. அதிலிருந்து இரண்டு பேரும் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளியதில் மூன்று வாரம் ஓடிவிட்டது.

அவள் நிமிர்ந்து கேரியரைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் திருதிருவென்று முழித்தேன். திட்டியிருந்தால் தேவலை. எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கிவந்தாள். ஆலையில் கரண்டி ஒட்டிக்கொண்டால் யாரும் நெம்பமாட்டார்களாம், வெந்நீர்தான் விடுவார்களாம். இதைப் பஞ்சர் கடைக்காரரிடம் சொன்னாள், என்னிடம் இல்லை. இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பழுப்புத் தண்ணீர் வழிந்தது, எறும்புகள் சிதறி ஓடின. லீவரை இழுங்கள் என்றார் கடைக்காரர். இழுத்தேன். மூடி சமர்த்தாகத் திறந்துகொண்டது.

பெட்ரோல் போட்டுவிட்டு எட்டு இருபத்தைந்துக்கு மைதானத்தை அடைந்தோம். கம்பங்களுக்கு நடுவே முன்னால் போய், பின்னால் வந்து, ஒரு கம்பத்தைக்கூடத் தொடாமல் 'எச்' எழுத்து வடிவில் ஓட்டிக் காட்டினாள். ரோட்டிலும் ஓட்டினாள். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். வேலிக்கு வெளியே நின்று கை தட்டியது நான் ஒருவன்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது அவளே ஓட்டினாள். கொல்லங்கோடு தாண்டியதும், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "எங்கண்ணனுக்குப் போனைப் போடுங்க. நான் ஓட்டீட்டிருக்கேன், பேசக்கூடாது. நீங்க பேசுங்க."

போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசிப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"மாப்ளே, டெஸ்ட் என்னாச்சு? காலைல இருந்து போனையே பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

அவள் இண்டிகேட்டர் போட்டாள். கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். புளியமரத்தடியில் ஒழுங்காகக் காரை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, அதன்பிறகுதான் அழுதாள்.

"பாஸாயிட்டாளுங்க மச்சான்" என்றேன். "அப்புறம், அந்தப் பாகு டின்னு விஷயம் ஒண்ணு சொல்லோணும்."