மாமாவின் பூனை வேலை

கனடாவிலிருந்து மாமா எனக்கு அனுப்பிய சிவப்பு ரீசேட்டின் நெஞ்சில் ஒரு காட்டுப்பூனையின் தலை இருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு யாரையோ கடிக்கப் போகிற மாதிரி. அவர் படித்த பல்கலைக்கழகத்தின் அடையாளம் அது. பூனைக்கும் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று அம்மாவைக் கேட்டேன்.

"பெரிய படிப்பெண்டால் அப்பிடித்தான்" என்றார். அவருக்கும் தெரியாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. படித்துக்கொண்டே பல்கலைக்கழகக் கந்தோரில் எழுத்து வேலையும் செய்கிறார் என்று எங்கள் ஊரான கீரி முழுக்க அம்மா சொல்லி வைத்திருந்தார்.

அந்த நாள்களில் எங்கள் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அப்பா கம்பிக்கூடு வைத்தார். ஒருநாள் விடிந்து பார்த்தால் உள்ளே ஒரு காட்டுப்பூனை. மண் நிறம், நீண்ட கால்கள், கட்டை வால். காது நுனியில் நின்ற கறுப்பு மயிர் என் ரீசேட்டில் இருந்த மாதிரியேதான். ஆனால் இது பல்லைக் காட்டவில்லை. மூலையில் ஒடுங்கி எங்கள் கால்களையே பார்த்தது.

"வலையைப் பாத்திட்டு வாறன். பிறகு இதைச் சாக்கில போட்டுக் கடலுக்குக் கொண்டு போவம்" என்று சொல்லிவிட்டு அப்பா கரைக்குப் போனார்.

சற்று நேரத்தில் மாமா வீடியோவில் வந்தார். அம்மா போனைக் கூட்டுக்கு நேரே பிடித்தார்.

"இதுதானோ தம்பி உன்ர பூனை?"

"இது எங்கட ஊர்ப்பூனை அக்கா. இஞ்ச இருக்கிறது இதைவிடப் பெரிசு, வால் இன்னும் கட்டை. பனிக்காட்டுக்குள்ள ஒளிச்சுத் திரியுமாம். நான் ஒருநாளும் கண்டதில்லை."

"அப்ப மாமா, நீங்கள் அனுப்பின வீடியோவில மைதானத்தில துள்ளின பூனை?" என்று கேட்டேன்.

"அது நான்தான் பிள்ளை." மாமா சிரித்தார். "விளையாட்டு நடக்கேக்க பூனை உடுப்புக்குள்ள நிண்டு துள்ளவேணும். அதுதான் என்ர வேலை. தலை சரியான பாரம்."

"கந்தோர் எண்டெல்லோ சொன்னனீ?" என்றார் அம்மா.

"அது கிடைக்கேல்ல அக்கா."

அம்மா போனைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு, "சாப்பிட்டனியோ?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாமாதான் பூனை என்றால் கூட்டுக்குள் இருப்பது அவருக்கு என்ன முறை? நான் யோசித்து முடிப்பதற்குள் அம்மா விளக்குமாற்றுக் காம்பால் கூட்டின் கதவைத் தூக்கினார். பூனை உடனே வரவில்லை. வெளியே வந்ததும் பனை வடலிகளுக்குள் ஓடி மறைந்தது.

அப்பா சாக்கோடு வந்தபோது, "கதவு சரியாப் பூட்டுப்படேல்ல போல" என்றார் அம்மா. அப்பா வெறுங்கூட்டையும் அம்மாவின் முகத்தையும் பார்த்துவிட்டுச் சாக்கை மடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டு மாமி கேட்டார்: "தம்பி இப்பவும் கந்தோரிலதானோ?"

"ஓம்" என்றார் அம்மா.

அம்மா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். "இல்லை மாமி. மாமா அங்க பூனை. எல்லாரும் அவரைப் பாத்துக் கைதட்டுவினம்" என்றேன்.

கூட வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். ஆனால் வீடு வரும்வரை என் கையை நோகும்படி பிடித்திருந்தார். கந்தோரில் கதிரையில் உட்கார்ந்திருக்க யாராலும் முடியும். பூனையாக இருக்க எங்கள் மாமாவால்தானே முடிந்தது? அதைப் போய் அம்மா எப்படி மறந்தார் என்று எனக்கு விளங்கவேயில்லை.