வலது கைக்கு வைத்த பேசின்கள்

முதலில் பிஸ்கட் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். திரும்பவும் விழுந்தது. வேண்டுமென்றே போடுகிறாள் என்று ஓர் அதட்டல் போட்டேன். உடனே கண் மேலே செருகிக்கொண்டது.

அது 2008, மழைக்காலம். எங்கள் மகள் பாப்பாவுக்கு மூன்று வயது முடியவில்லை. குமராட்சியிலிருந்து கிடைத்த வண்டியில் ஏறிச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ஃபிட்ஸ் (வலிப்பு) என்றார்கள். பிறகு என்செபலைட்டிஸ் (மூளைக்காய்ச்சல்) என்றார்கள். அவள் கண் திறக்கும்வரை நானும் என் மனைவி செல்வியும் வராந்தாவில் கிடந்தோம். வாயைத் திறந்தால் எந்தப் பேச்சு வருமோ என்று இருவருக்கும் பயம்.

பிழைத்து வீட்டுக்கு வந்தாள். நடந்தாள், சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம்.

ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து இடது கையால் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். வலது கை பக்கத்தில் சும்மா கிடந்தது. அதில் ஒரு கட்டெறும்பு கடித்துத் தொங்கியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்.

காய்ச்சலின்போது பயந்ததைவிட அன்றுதான் அதிகம் பயந்தேன். இவள் அடுப்பில் கை வைத்தாலும் இவளுக்குத் தெரியாது. யாராவது பார்த்துக் கையை எடுத்துவிடும்வரை வெந்துகொண்டே இருக்கும். இந்த நினைப்பு வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்ப ஆஸ்பத்திரி. சென்சேஷன் (தொடு உணர்வு) போயிருக்கிறது என்றார்கள். தெரபி (பயிற்சி வைத்தியம்) சொல்லித்தரும் மேடம் ஒருவரிடம் அனுப்பினார்கள்.

"கை நல்லாத்தான் இருக்குப்பா. மூளைதான் அத மறந்துட்டுது. விளையாட்டு காட்டி ஞாபகப்படுத்தணும்" என்றார்.

"வந்துடுமா மேடம்?"

"செஞ்சிக்கிட்டே இருங்க." வரும் என்று அவர் சொல்லவில்லை.

அவர் சொன்னதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

அகலமான பேசின்களை எடுத்துப் பாயில் வைக்க வேண்டும். ஒன்றில் அரிசி, ஒன்றில் கேழ்வரகு, ஒன்றில் ஈரமணல், ஒன்றில் தேங்காய் நார், ஒன்றில் தண்ணீர். உள்ளே ஒரு வளையலைப் புதைத்துத் தேட விட வேண்டும். முதலில் நல்ல கை. விளையாட்டு பிடித்த பிறகு மற்ற கையை நாம் பிடித்து உள்ளே விட வேண்டும். அழுதால் நிறுத்திவிட வேண்டும். வாயில், மூக்கில் போட்டுக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். வலிப்பு வந்த பிள்ளையைத் தண்ணீர் பேசினோடு தனியே விட்டு எழுந்து போகவே கூடாது. கதவைத் தட்டினாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

செல்விக்கு அண்ணாமலை நகரில் ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலை. எனக்கு அரிசி மில்லில் மூட்டை தூக்கும் வேலை, இருந்தால் உண்டு. அதனால் பேசின் வேலை என்னுடையது.

முதுநகரில் இருக்கும் செல்வியின் தம்பி பார்க்க வந்தான். வரிசையாக இருந்த பேசின்களைப் பார்த்தான்.

"என்னா மாமா, மளிகைக் கடை போட்டுட்டீங்களா? காக்கிலோ கேவுரு போடுங்க."

"கடனுக்குக் கெடையாது மச்சான்" என்றேன். ஆஸ்பத்திரி விட்டு வந்த பிறகு செல்வி அன்றுதான் சிரித்தாள். அடுத்த முறை அவன் ஒரு பை மணல் கொண்டுவந்தான்.

அரிசி பேசினுக்கு மட்டும் செல்வி ஒப்புக்கொள்ளவில்லை. "திங்கிற அரிசியில காலும் கையும் வுட்டு வெளையாடறதா? இருக்கற கஷ்டம் போதாதா?"

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அரிசிக்குப் பதிலாக மில்லிலிருந்து நெல் கொண்டுவந்து போட்டேன். கையை விட்டு அளைந்து பார்த்தேன். வழவழவென்று இருந்தது. பாப்பாவின் வலது கையைப் பிடித்து முழங்கை வரை புதைத்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரத்தில் வீறிட்டாள். கையெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகையிலேயே வலிப்பு வந்துவிடுமோ என்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வேலை முடிந்து வந்த செல்வி பேசினைப் பார்த்தாள்.

"அறிவு இருக்குதா உனக்கு? நெல்லுல சொணை இருக்கும்னு தெரியாது? பச்சக் கொழந்தை தோலு, உன் தோலா?"

சுணை (நெல்லின் மேல் இருக்கும் மெல்லிய முள்) எல்லோருக்கும் அரிக்கும். மூட்டை தூக்கித் தூக்கி என் கைக்கு அது தெரியாமலே போயிருந்தது.

மினி பஸ் பிடித்து ஓடினோம். வழியெல்லாம் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன், செருகுகிறதா என்று. இருந்த கையையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மேடம் திட்டுவார் என்று நின்றேன். அவர் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கையைச் சொறியறா?"

"வலது கை மேடம்."

"அந்தக் கைன்னு நீங்க காட்டினீங்களா?"

"இல்ல. அவளாத்தான்."

"அப்ப அரிப்பு தெரியுதுப்பா அவளுக்கு."

செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாப்பா சொறிந்துகொண்டே அழுதாள். மேடம் தடவ மருந்து கொடுத்தார். "இனி நெல்லு வேணாம்" என்றார்.

நீங்களும் நெல் போடாதீர்கள். எங்களுக்கு நடந்தது வைத்தியம் அல்ல, தப்பு. எங்கள் பிள்ளைக்கு உணர்வு வரும் நேரம் அப்போது வந்திருந்தது, அவ்வளவுதான். பிறகு செல்வியே அரிசியை அளந்து பேசினில் போட்டாள். பாப்பா வலது கையால் வளையலைப் பிடித்து வெளியே எடுக்க மறு வருஷம் ஆனது. அதுவரை பயம் ஒரு நாளும் விடவில்லை.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வலது கையால்தான் எழுதுகிறாள், மெதுவாக. வலிப்புக்குக் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அவள் கையிலிருந்து எது விழுந்தாலும் முதலில் அவள் கண்ணைத்தான் பார்க்கிறேன். எனக்கு அந்த மழைக்காலம் இன்னும் முடியவில்லை.

என் உள்ளங்கையை நான் நம்புவதில்லை. அவள் குளிக்கும் தண்ணீரைக்கூடக் கன்னத்தில் வைத்துத்தான் சூடு பார்க்கிறேன்.

எறும்பு கடித்தால் தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறாள். நான் உடனே ஓடுவதில்லை. எந்தக் கை என்று அங்கிருந்தே கேட்கிறேன். "வலது கைப்பா!" என்று அழுகிறாள். அதைக் கேட்ட பிறகுதான் ஓடுகிறேன்.