ஒட்டகம் இல்லாத குடில்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்கள் பங்குச் சாமியார் வீடு வீடாக வந்து குடில் பார்ப்பார். நல்ல குடிலுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி பரிசு. அந்த வாளி வருஷா வருஷம் பக்கத்து வீட்டுக்கே, அதாவது பெரியப்பா வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. அவருக்குச் சங்ககிரியில் சொந்த லாரிகள் ஓடின. லாரிக்குக் கட்டுகிற கலர் பல்பெல்லாம் அவர் வீட்டுக் குடிலில் மின்னும். பஞ்சில் பனி பெய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஒட்டகம், கழுத்தில் நிஜ மணியோடு. என் வயதேயான பெரியப்பா மகள் அந்த மணியை ஆட்டிக் காட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

அந்த வருஷம் பெரியம்மா கோவித்துக்கொண்டு ஆத்தூருக்குப் பிறந்த வீட்டுக்குப் போனவர், திரும்பவே இல்லை. பெரியவர்கள் அதைக் குசுகுசுவென்று பேசினார்கள். குடில் ஜோடிக்க ஆள் இல்லை, வாளி நமக்குத்தான் என்று எனக்கோ உள்ளூரக் குஷி.

அதைக் கெடுத்தவர் எங்களோடு இருந்த சித்தப்பா. லாரி புக்கிங் ஆபீஸில் லோடு வராத நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஆண்டவரின் காலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். நாசரேத்தில் அந்தக் காலத்துச் சின்னஞ்சிறு வீட்டைத் தோண்டி எடுத்திருக்கிறார்களாம். அவரைக் கும்பிடாத ரோமாபுரிக்காரர் ஒருவரே அவர் கொல்லப்பட்டதை எழுதி வைத்திருக்கிறாராம்.

"ஆண்டவருக்குச் சாவுத் தீர்ப்புச் சொன்னவன் பேரு வெட்டுன கல்லு கெடச்சிருக்குதுங்கண்ணா. நம்ம ஆண்டவரு தொட்டதுன்னு சொல்ல ஒரு ஓட்டாஞ்சில்லு இல்லீங்க" என்று அப்பாவிடம் சொல்லி அங்கலாய்ப்பார்.

ஆகவே, ஆதாரம் இல்லாத எதுவும் நம் குடிலில் கூடாது என்றார். பஞ்சு முதலில் போனது. பனி பெய்ததாக யாரும் எழுதவில்லையாம்.

"மாடு, கழுதை சித்தப்பா?"

"சுவிசேசத்துல அந்த எடத்துல காணோம் சாமி. எடுத்துரு."

"மூணு ராசா?"

"மூணுன்னு எவன் எண்ணுனான்? ராசான்னும் எழுதலை."

"நாமளும் ஒரு ஒட்டகம்…"

"ராசாவே இல்லீங்கறேன், ஒட்டகத்து மேல யாரு வாரது?"

மரத்தொட்டியும் போனது. அந்தப் பக்கம் தோண்டினால் அகப்படுவது கல்தொட்டிதானாம். ஆட்டுக்குத் தண்ணீர் வைத்த கல்தொட்டியைத் தேய்த்துக் கழுவி நடுவில் வைத்தார். மிஞ்சியது மாதா, சூசையப்பர், பாலன். அம்மா, அப்பா, குழந்தை, அவ்வளவுதான்.

சாமியார் வந்தார். குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"கொழந்தை எங்கப்பா?"

"தொட்டிக்குள்ளாறங்க சாமி. கொஞ்சம் ஆழமாப் போச்சுங்க" என்றார் சித்தப்பா.

கூட வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. வாளி பக்கத்து வீட்டுக்கே போனது. பெரியப்பாவின் டிரைவர்களும் கிளீனர்களும் சேர்ந்து முன்னைவிடப் பளபளவென்று ஜோடித்திருந்தார்களாம்.

சாயங்காலம் பெரியப்பா மகள் வந்தாள். வாளியைக் காட்டத்தான் வருகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கை வெறுங்கையாக இருந்தது. எங்கள் குடிலுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"உங்குளுதுல இவ்வளவு பேருதானா?"

"இவ்வளவுதான். போடி."

அவள் போகவில்லை. தள்ளி நின்ற மாதா சொரூபத்தை நகர்த்தி சூசையப்பரை ஒட்டி வைத்தாள்.

"மாத்திக்கலாமாடி? எங்கூட்டு லைட்டு, ஒட்டகம் அல்லாம் நீயே வெச்சுக்க. எனக்கு இந்த மூணு பேரு போதும்."

மனசு மாறிவிடப் போகிறாளே என்று நான் ஒரே ஓட்டமாக ஓடி முதலில் ஒட்டகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் மூன்று சொரூபங்களையும் பாவாடையில் ஏந்திக்கொண்டாள். எதற்கும் ஆதாரம் கேட்கிற சித்தப்பா அவளை ஒன்றும் கேட்கவில்லை. கல்தொட்டியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.

நான் வாசலில் நின்று மணியை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவளை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்று ரொம்ப நாள் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.