பெரட்டுக்கு நான் சொன்ன பொருள்

பாடசாலை விவாத அணியில் நான் மூன்றாவது பேச்சாளன். என் திறமையைப் பார்த்துத்தான் சேர்த்தார்கள் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அணித் தலைவி என் அக்கா என்பதையும், உண்மையான மூன்றாவது பேச்சாளனுக்கு அம்மை போட்டிருந்தது என்பதையும் மட்டும் சொல்ல மறந்துவிடுவேன்.

அந்த வருடம் இறுதிப் போட்டி எங்களுக்கும் இறம்பொடை அணிக்கும். 'தேயிலை நமக்குத் தந்தது அதிகமா, நம்மிடம் எடுத்தது அதிகமா?' என்பது தலைப்பு. யார் எந்தப் பக்கம் என்பதை மேடையில்தான் சீட்டுக் குலுக்கிச் சொல்வார்கள். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் விஷயம் தேட வேண்டும். அப்படி ஊரெல்லாம் அலைந்து தேடியதை அக்கா ஒரு பெரிய கொப்பியில் எழுதி, யாரிடம் கொடுத்தாள் தெரியுமா? நுவரெலியாவுக்கு சனிக்கிழமை டியூஷனுக்கு வரும் இறம்பொடைத் தலைவியிடம்! அவர்களும் தாங்கள் தேடியதை அதிலேயே எழுதி, அடுத்த சனிக்கிழமை திருப்பித் தந்தார்கள். இப்படியே அந்தக் கொப்பி போய் வந்துகொண்டிருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது.

"அப்ப கிறிக்கட்டுல நம்ம போலரையும் அவங்களுக்கே குடுத்துருவோமாக்கா?"

"ரெண்டு பக்கமும் ஒரே விஷயம் தெரிஞ்சிருந்தாத்தான்டா யாரு நல்லா பேசுறாங்கன்னு பாக்கலாம். நீ மொதல்ல 'ழ' சொல்லப் பழகு."

"பளகுறேன்" என்றேன்.

அன்றே ஒரு கண்ணி வைத்தேன். காலையில் வேலையாட்களைக் கூட்டி ஆள் பிரிக்கும் இடத்தைப் பெரட்டு என்போம். அது 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று தோட்டத்து ஆபீசில் வேலை செய்த மாமா எனக்குச் சொல்லியிருந்தார். நானோ, அந்தக் காலத்தில் ஆள் கணக்கில் நடந்த புரட்டைப் பார்த்துச் சனங்கள் 'புரட்டு' என்றார்கள், அதுதான் பெரட்டு ஆயிற்று என்று கொப்பியில் பேனையால் எழுதினேன். இறம்பொடைக்காரர்கள் அதை மேடையில் சொல்ல வேண்டும், நான் எழுந்து 'பரேட்!' என்று உடைக்க வேண்டும். அக்கா கண்டுபிடிக்கக்கூடாதென்று இடக்கையால் எழுதினேன். அது என் வலக்கை எழுத்தை விடத் திருத்தமாக வந்தது.

அடுத்த சனிக்கிழமை அக்கா டியூஷனிலிருந்து வந்து முகம் கழுவப் போன நேரத்தில் அவள் பையைத் திறந்து பார்த்தேன். என் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: 'இது பரேட் என்ற சொல். யார் எழுதினீங்க?' அழிறப்பரை எடுத்துத் தேய்த்துவிட்டேன். என் வரி பேனையால் எழுதியது, அதை என்ன செய்ய?

அக்கா வந்து அந்தப் பக்கத்தைப் புரட்டியவள் அப்படியே நின்றாள்.

"பாரேன், எவ்வளவு நல்ல பொயின்ட்டு! இதையும் ஒளிச்சு வைக்காம நமக்குத் தந்திருக்காங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்; பசிக்கிறது என்றேன்.

போட்டியன்று மேடையில் சீட்டு எடுத்தார்கள். எங்களுக்கு 'எடுத்தது' வந்தது. என்ன நடக்கப்போகிறது என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா முழங்கினாள். "பெரட்டு என்ற பெயரே புரட்டு! இதை எங்களுக்குத் தந்ததும் எதிரணி நண்பர்கள்தான். அவர்களுக்கு நன்றி!" கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. நான் மேசைக்கு அடியில் என் சப்பாத்து வாரைக் கட்டிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

இறம்பொடைத் தலைவி எழுந்தார். அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதற்குள் நான் மறு சப்பாத்துக்குப் போய்விட்டேன்.

"அது பரேட் என்ற சொல். அதைக் கொப்பியில் பென்சிலால் எழுதியிருந்தோம், அழிந்துவிட்டது போல. பேனையால் எழுதாதது எங்கள் பிழை" என்றார்.

அவ்வளவுதான். பிறகு நான் பேசியதை நடுவர்கூடக் குறித்துக்கொண்டதாக நினைவில்லை. தோற்றோம்.

போட்டி முடிந்ததும் அக்கா கொப்பியை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அழித்த தாளில் 'யார் எழுதினீங்க?' என்ற பென்சில் தடம் தெரிந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் கையால எழுதுன?"

"இடது."

"அழிச்சது?"

"வலது."

அடிப்பாள் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அவளோ இறம்பொடைத் தலைவியைக் கூப்பிட்டு, அழிந்த இடத்தில் அதே குறிப்பைப் பேனையால் எழுதித் தரச் சொன்னாள். அதன் கீழே மூன்று வரி எழுதினாள். 'எழுதியது' என்ற வரிக்கு நேரே என் பெயரை என்னையே எழுத வைத்தாள். 'திருத்தியது' என்ற இடத்தில் இறம்பொடைத் தலைவியின் பெயர். 'விசாரிக்காமல் பேசியது' என்று கடைசி வரி.

அதற்கு நேரே தன் பெயரை எழுதிவிட்டு, கொப்பியை மூடி மறுபடியும் இறம்பொடைக்காரர்களிடமே நீட்டினாள்.

பிழை செய்தவன் நான். எனக்குக் கொடுத்த தண்டனையில் அக்கா ஏன் போய் நுழைந்துகொண்டாள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். தோற்ற கவலையில் மூளை கொஞ்சம் குழம்பியிருக்கும் என்று முடிவு கட்டி, வீட்டிலும் அப்படியே சொன்னேன்.