இடப்பக்கத்து வயர்

எங்கள் வீட்டில் எது பழுதானாலும் அது என் கையால்தான் பழுதாகியிருக்கும் என்று நம்பி வளர்ந்தவள் நான். கோழி முட்டையிடாவிட்டால் முதல் நாள் நான் அதைத் துரத்தியது ஞாபகத்துக்கு வரும். ஆகவே ஒரு டிசம்பரில், நத்தாருக்கு முன், மாமாவின் பாட்டுப் பெட்டியில் ஒரு பக்கம் சரியாகக் கேட்கவில்லை என்ற கதை கிளம்பியபோது, அதைத் தொட்டே இராத நானும் எப்போது தொட்டேன் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

மாமா அம்மாவின் தமையன். பருத்தித்துறையில் எங்களுக்கு அடுத்த வளவு. தேவாலயத்துப் பாடகர் குழுவை நடத்துபவர் அவர். முந்திய வருட நத்தார் ஆராதனையை ஒருவர் மாமா நின்ற இடத்தில் இரண்டு மைக் வைத்துப் பதிந்து சீடியாகக் கொடுத்திருந்தார். பெண்கள் மாமாவுக்கு இடப்பக்கமும் ஆண்கள் வலப்பக்கமும் நின்று பாடுவது வழக்கம். அதனால் மாமா வீட்டிலும் பெண்களின் குரல் இடப்பக்க ஸ்பீக்கரால் வந்தது, ஆண்களின் குரல் மற்றதால். ஒரு பாட்டின் முதற் சரணத்தை அம்மா தனியே பாடுவா.

மாமாவுக்குப் பெண்கள் பக்கத்துச் சத்தம் காணாது. வீட்டில், வயர் பிழை என்றார். தேவாலயத்தில் வயர் இல்லாதபடியால் பெண்கள் பிழை என்றார். ஒத்திகையில் அம்மாவைப் பார்த்து விழுங்காமல் பாடச் சொன்னார். அம்மா கழுத்து நரம்பு புடைக்கப் பாடினா. அதற்கும் மாமா கையைக் காதடியில் வைத்துக் காட்டினார். வருகிற கிழமைக்குள் சரிவராவிட்டால் அந்தச் சரணத்தை ஆண்களுக்குக் கொடுக்கப்போவதாகவும் சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து தேங்காய் துருவினா. மூன்று கறிக்குக் காணுமளவு துருவினா.

எனக்கென்றால் அந்தச் சீடியில் அம்மாவின் குரல் நன்றாகத்தான் கேட்டது. ஆனால் பாட்டுத் தெரிந்த மாமாவுக்கே கேட்காதது எனக்குக் கேட்கிறதென்றால் என் காதில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. நல்ல வயர் போட்டால் மாமாவுக்கு அம்மாவின் குரல் கேட்கும், கேட்டால் சரணம் திரும்பி வரும். நான் பிடித்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

பெட்டியோடு வந்த நூல்போன்ற வயரைக் கழற்றி, சிவப்பும் கறுப்பும் ஒட்டிய ஒன்றை மாமா ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தார். சனிக்கிழமை என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு மூன்றாவதைத் தேடிப் போனார். கடைக்காரர் எடுத்துப்போட்ட ஒவ்வொன்றின் நுனியையும் நகத்தால் உரித்து, இழைகளை விரித்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒன்று வெளியே செம்பு, சுரண்டினால் உள்ளே வெள்ளை. அதைத் தூர வைத்தார். கடைசியில் கண்ணாடித் தோலுக்குள் செம்பு மினுங்குகிற, என் சின்னிவிரல் அளவு மொத்தமான வயர் ஒன்றில் நின்றுகொண்டார்.

"அண்ணை, உது பாட்டுக் கேக்கவோ, கிணத்துக்கு மோட்டர் பூட்டவோ?" என்றார் கடைக்காரர்.

மாமா சிரிக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீளத்தில் வெட்டச் சொன்னார். பழுதான பக்கத்துக்கு மட்டும் மாற்றினால் போதாதோ என்று கடைக்காரர் கேட்டதற்கு, ஒரு பக்கம் நல்லதும் மற்றப் பக்கம் கூடாததுமாகப் பாட்டுக் கேட்பது மனிசர் செய்யிற வேலையில்லை என்றார்.

முந்தியவற்றை மாமாவே பூட்டியிருந்தார். இந்த மொத்தமான வயரோடு, பெட்டி இருந்த அலுமாரியின் பின் இடுக்குக்குள் அவர் கை போகவில்லை. நான் நுழைந்தேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று சொல்லிச் சொல்லித் திருகினேன். ஒரு இழையும் வெளியே நீட்டாமல் மூன்று தரம் தடவிப் பார்த்தேன். பின்னால் நின்று பார்க்கையில் இடம் வலமாகிவிடும் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

மாமா கதிரையில் நிமிர்ந்திருந்து சீடியைப் போட்டார். அம்மாவின் சரணம் வந்தது. மாமாவின் முகம் மலர்ந்தது. வயர் என்றால் இதுதான் வயர் என்றார். பிறகு ஆண்கள் சேர்ந்தார்கள். முகம் சுருங்கியது.

"இப்ப ஆம்பிளையளைக் காணேல்லை. என்ன பிள்ளை செய்தனி?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது.

"மாமா, நான் இடம் வலம் மாத்திப் பூட்டிட்டன்."

ஏச்சு வரும் என்று தலையைக் குனிந்தேன். வரவில்லை.

"அப்ப கொம்மா பாடினது எந்தப் பக்கத்தாலை?"

"வலப்பக்கத்தாலை."

மாமா சரணத்தைத் திரும்பப் போடச் சொன்னார். வலது காதை விரலால் பொத்திக்கொண்டார். சரணம் முழுவதும் அப்படியே இருந்தார். பாட்டு முடிந்தது தெரியாதவர்போல விரலை எடுக்காமலே இருந்தார்.

திருப்பிப் பூட்டட்டோ என்று கேட்டேன். இரண்டாம் தரமும் கேட்க வேண்டியிருந்தது.

"வேண்டாம் பிள்ளை. உப்பிடியே கிடக்கட்டும். கொம்மாட்டைச் சொல்லாதை."

அடுத்த ஒத்திகையில் மாமா பெண்களை வலப்பக்கம் வரச் சொன்னார், ஆண்களை இடப்பக்கம் போகச் சொன்னார். இவ்வளவு காலமும் இல்லாத வழக்கமாக இருக்கிறதே என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். இடப்பக்க ஜன்னல் காற்றுப் பெண்களின் தொண்டைக்குக் கூடாதாம் என்றார். அம்மா பாடினா. மாமா தலையாட்டினார்.

"இப்பிடி முந்தியே பாடியிருக்கலாமே."

"இப்பிடித்தானே அண்ணை பாடினனான்" என்றா அம்மா.

மாமா தாளைப் புரட்டி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். சரணம் அம்மாவுக்கே கிடைத்தது. அது நான் பூட்டிய வயரின் வேலை என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. மாற்றிப் பூட்டியதற்கு ஏச்சு விழாமல் மாமா என்னைக் காப்பாற்றுகிறார் என்ற நன்றி வேறு. அவர் சொன்னபடியே நான் அம்மாவிடம் மட்டுமல்ல, ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. அது என்னுடைய இரகசியம் என்று நினைத்துத்தான் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன்.