அம்மாவின் குரல் கிடந்த டிஸ்க்

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து அம்மாவை மலேசியாவின் லூனாஸ் ஊரிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தபோது அவருக்குக் குரல் இல்லை. இனி வராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அம்மா சைகையாலும் கைப்பேசியில் எழுதிக் காட்டியும் சமாளித்தார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படியிலிருந்து கத்திக் கூப்பிடுகிறவர் கைதட்டிக் கூப்பிடும்போதெல்லாம் செய்வதைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அம்மா பேசிய வீடியோக்கள் என் பழைய லேப்டாப்பில் இருந்தன. அது செத்துப் பல மாதமாகிவிட்டது. பினாங்கில் வேலை செய்யும் தம்பியிடம் போனில் புலம்பினேன்.

"லேப்டாப்தானேக்கா போச்சு? ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கும். கழட்டி ஒரு கேசிங்ல, அதான் வயர் வெச்ச டிஸ்க் பெட்டில, போட்டு யூஎஸ்பில குத்து. பெண்டிரைவ் மாதிரி வந்துடும் லா."

பக்கத்து ஊரான கூலிமுக்கு ஓடி கேசிங் வாங்கி வந்தேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றி, உள்ளங்கை அளவு டிஸ்க்கை உருவி அந்தப் பெட்டிக்குள் செருகினேன். அலுவலக லேப்டாப்பில் வயரைக் குத்தியதும் டிஸ்க் சுழலும் மெல்லிய அதிர்வு விரலில் தெரிந்தது. உடனே திரையில் ஒரு கேள்வி. டிஸ்க்கை பார்மெட் செய்யவா?

விரல் பொத்தான்மேல் இருந்தது. ஏனோ பயம் வந்து தம்பியை அழைத்தேன்.

"அய்யோ, அத அமுக்கிடாதக்கா! எல்லாம் அழிஞ்சிடும். கேன்சல் பண்ணு. டிஸ்க் சரியா உட்காரல போல, கழட்டித் திரும்ப மாட்டு."

கழற்றினேன். இரண்டாம் முறை அழுத்தியபோது 'டக்'கென்று உட்கார்ந்தது. இப்போது கேள்வி வரவில்லை. கோப்புகளைத் திறக்க அனுமதி கேட்டது; கொடுத்ததும் பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்தது. நான் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

முதல் வீடியோ ஒரு கிறிஸ்மஸ் சமையல். படம் எடுத்தது தம்பி. அம்மா கரண்டியோடு திரும்பினார். "போன கீழ வைடா! தேங்கா யாரு துருவுறது, உங்கப்பாவா?"

பக்கத்தில் அம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பதறித் திரும்பினேன். சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கைப்பேசியை எடுத்து எழுதிக் காட்டினார்: 'நான் இவ்ளோவா கத்துவேன்?'

"இதவிட மோசம்மா."

அம்மா என் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

அந்த டிஸ்க்கும் பழசு, எப்போது நிற்குமோ என்ற பதற்றத்தில் எல்லாவற்றையும் நகலெடுக்கத் தொடங்கினேன். அம்மா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. சத்தத்தைக் கூட்டிவிட்டு அடுத்த வீடியோவை அமுக்கினார்.